உடையார்குடிக் கல் சொல்லாதது

வீராணம் ஏரி ததும்பினால் லால்பேட்டையில் வெள்ளியங்கால் மதகைத் திறந்துவிடுவார்கள். சென்னைக்காரர்களுக்கு வீராணம் என்றால் 2004 முதல் குழாயில் வரும் குடிநீர்; கடலூர் மாவட்டத்து விவசாயிக்கு அது சம்பா நெல்; தமிழ் வாசகருக்கு ஒரு நாவலின் முதல் பக்கம். ஏரிக்கு வயது ஆயிரத்துக்கும் மேல். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டு, வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப்பெயரைத் தாங்கி, நாவில் தேய்ந்து தேய்ந்து வீராணம் ஆயிற்று. அதே பெயரில் ஏரியை ஒட்டி ஒரு பிரமதேயமும் உண்டாயிற்று: வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். இன்றைக்கு அது காட்டுமன்னார்கோயில்; லால்பேட்டையில் பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் வந்துவிடும். அந்த ஊரின் உடையார்குடிப் பகுதியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரிலிருந்த ஒரு கல்வெட்டைக் கல்வெட்டுத் துறையினர் 1920இல் பதிவு செய்தார்கள். முதலாம் ராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 987ஐ ஒட்டிய காலம். தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் உள்ள பல்லாயிரம் கல்வெட்டுகளைப் போல அதுவும் ஒரு நில விவகாரம். ஆனால் சோழர் வரலாற்றில் இதைப் போல வாதத்துக்கு உள்ளான கல் குறைவு. அது சொன்னதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் நூறாண்டாக வழக்கு நடக்கிறது.

சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிச் சபைக்கு அரசன் அனுப்பிய ஸ்ரீமுகம் அந்தக் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பாண்டியன் தலையைக் கொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சிலரை அது பெயர் சொல்லிக் காட்டுகிறது. சோமன் என்று ஒருவன். ரவிதாசன் என்று ஒருவன். அவனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்று பட்டம். பரமேசுவரன் என்று இன்னொருவன். அவனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று பட்டம். உடன்பிறந்தவர்கள். அத்தோடு நிற்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள், பெண்டாட்டிமார், தாய்வழி, தகப்பன்வழி, மாமன்மார், பெண் கொடுத்தவர், கொண்டவர் என்று உறவுமுறை ஒவ்வொன்றாக நீள்கிறது. இவர்கள் எல்லோருடைய உடைமையையும் கைக்கொண்டு விற்க வேண்டும். விற்பனையைக் கண்காணிக்கக் கொட்டையூர்க்காரர் ஒருவரும் புள்ளமங்கலத்துக்காரர் ஒருவரும் வருகிறார்கள். ஒரு தாசில்தார் அலுவலக ஜப்தி ஆணையைப் போல எல்லாம் துல்லியம். ஆனால் ராசராசனின் அண்ணனான ஆதித்த கரிகாலனை எங்கே கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள், எதற்காக, யார் சொல்லி என்பவற்றுக்கு ஓர் எழுத்துகூட இல்லை. கொலையைச் சொல்லும் சொற்றொடரே துரோகிகளை அடையாளம் காட்டுவதற்காகப் போகிற போக்கில் வருவதுதான். நாம் ‘அந்த மூலை வீட்டுக்காரர்’ என்று சொல்வதில்லையா, அதைப் போல.

இந்த இடைவெளிக்குள் அறிஞர்கள் இறங்கினார்கள். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி இந்தக் கல்வெட்டை ஆராய்ந்து, சந்தேகத்தை உத்தம சோழன் பக்கம் திருப்பினார். கரிகாலன் மறைந்த பிறகு பட்டத்துக்கு வந்தவன் உத்தமன். அவன் ஆண்ட ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளில் கொலைகாரர்களுக்குத் தண்டனை என்று ஒரு பேச்சும் இல்லை. ராசராசன் வந்த இரண்டாம் ஆண்டில்தான் இந்த ஆணை வெளிவருகிறது. கேட்டால் யாருக்கும் புருவம் உயரும். சதாசிவப் பண்டாரத்தார் போன்றவர்கள் ஏற்கவில்லை. மறுப்பாளர்களின் வாதத்திலும் வலு உண்டு: உத்தமனின் மதுராந்தகன் என்ற பெயரையே ராசராசன் தன் மகனுக்கு இட்டான், உத்தமனின் தாய் செம்பியன் மாதேவியைத் தலைமேல் வைத்துப் போற்றினான், அண்ணனைக் கொல்வித்தவனின் குடும்பத்தை யாராவது இப்படிக் கொண்டாடுவார்களா? பின்னாளில் குடவாயில் பாலசுப்ரமணியன் கல்வெட்டை மறுபடி எடுத்துப் படித்து, அது சொத்து விற்பனையின் ஆவணமே தவிர முதல் தண்டனையின் ஆவணம் ஆகவேண்டியதில்லை என்ற திசையில் பேச்சை நகர்த்தினார். பட்டங்களைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். அப்படியானால் ரவிதாசன் பாண்டியனின் ஆள், தலை கொய்யப்பட்ட தன் அரசனுக்காகப் பழி தீர்த்தான் என்றார்கள். அண்ணன் பட்டத்தில் பாண்டியன் இருந்தால் தம்பி பட்டத்தில் சோழன் இருக்கிறானே, அதற்கு என்ன சொல்வது? துரோகி என்ற சொல்லே உள்வீட்டு ஆளைத்தானே சுட்டும்? ஒரு கல், அதே எழுத்துகள், ஆளுக்கொரு கொலைகாரன்.

உடையார்குடிக் கல்லை யாரும் கலைப்படைப்பு என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. அதன் மௌனம் அலுவலக மௌனம். நிலம் விற்பதற்கு எது தேவையோ அதை எழுதினார்கள், மற்றதை விட்டார்கள். ஆனாலும் கதைக்கலையில் சொல்லாமை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இந்தக் கல்லைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. மங்கலாக இருக்கும் ஓர் ஆவணத்தில் எது விடுபட்டது என்றே தெரியாது. இங்கே பெயர் இருக்கிறது, பட்டம் இருக்கிறது, மாமன் மருமகன் வரை உறவு இருக்கிறது. சுற்றிலும் இவ்வளவு கறாராக எழுதியிருப்பதால்தான் நடுவில் இருக்கும் வெற்றிடம் ஆழமான கிணறு போலக் கண்ணில் படுகிறது. சொல்லாமைக்கு வலிமை தருவது அதைச் சுற்றிச் சொல்லப்பட்டவற்றின் துல்லியம். இதே காட்டுமன்னார்கோயிலில் நடந்ததாக வைணவ குருபரம்பரை சொல்லும் இன்னொரு செய்தியையும் இதன் பக்கத்தில் வைக்கலாம். யாத்திரையாக வந்த அடியார்கள் குடந்தைப் பெருமாள்மீது நம்மாழ்வார் பாடிய பத்துப் பாட்டுகளை மன்னனார் சந்நிதியில் பாடினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர் நாதமுனி. கடைசிப் பாட்டில் இந்தப் பத்து ஆயிரத்தில் ஒரு பகுதி என்று ஆழ்வாரே கணக்குச் சொல்லியிருந்தார். மீதி எங்கே என்று கேட்டார் நாதமுனி, வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர் குருகூர் போய்த் தேடித் திரட்டியதுதான் நாலாயிரம் என்பது மரபு. அந்தப் பத்தின் முடிவில் ஆயிரம் என்ற எண் இல்லாமல் இருந்திருந்தால்? பத்துப் பாட்டும் முழுமையாகத்தான் ஒலித்திருக்கும். கேட்டவர் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

சிதம்பரம் இதையே சிற்பமும் பொன்னும் கொண்டு செய்துகாட்டுகிறது. சபாநாயகருக்கு வலப்புறம் ஒரு திரை தொங்கும். வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. தீட்சிதர் அதை விலக்கித் தீபம் காட்டுவார். உள்ளே விக்கிரகம் ஏதும் இல்லை, லிங்கமும் இல்லை. சரம் சரமாகத் தொங்கும் பொன் வில்வ இலைகள் விளக்கு வெளிச்சத்தில் மின்னும், அவ்வளவுதான். அடுத்த நொடி திரை மூடிவிடும். சிதம்பர ரகசியம் என்று நாம் அன்றாடப் பேச்சில் புழங்கித் தேய்த்துவிட்ட சொல்லின் பொருள் இதுதான். ஆகாசத் தலம், அருவம் என்று சைவர்கள் விளக்கம் சொல்வார்கள்; அந்த விளக்கத்துக்குள் நான் போகவில்லை. அதைக் கட்டியவர்களின் கைவேலையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். வெறும் சுவரைத் திரை போட்டு மறைத்திருந்தால் பார்க்க வந்தவர் ஏமாந்தோம் என்று திரும்புவார். இலைச்சரத்தை மாட்டியதால் என்ன ஆயிற்று? மாலை என்றால் யாருக்காவது போட்டதாக இருக்க வேண்டும். கழுத்து இல்லை, மாலை மட்டும் இருக்கிறது. கண் தானாகக் கழுத்தைத் தேடுகிறது. இதே சபையோடு சேர்ந்த இன்னொரு மரபுக் கதையிலும் இந்த நுட்பம் உண்டு. திருவாசகத்துக்குப் பொருள் சொல்லச் சொன்னபோது மாணிக்கவாசகர் உரை விரிக்கவில்லை. கூத்தனைக் கையால் சுட்டி, இவனே பொருள் என்று சொல்லி, உள்ளே போய் மறைந்தார் என்பார்கள். கை நீட்டாமல் பேசாமல் இருந்திருந்தால் அது வெறும் மறுப்பு. நீட்டியதால்தான் கதையாக நிற்கிறது.

சொல்லாமை என்று பொதுவாக ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதைத் தமிழ் இலக்கணம் வெகுகாலத்துக்கு முன்பே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. இதை நம் விமரிசகர்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் ஒன்பதாம் நூற்றாண்டில் தொனி என்று விரித்ததை எடுத்து ஆள்கிறோம். நம் வீட்டுப் பரணில் இருப்பதை இறக்கிப் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறையும் இறைச்சியும். மருதத்துக் குளத்தில் எருமை இறங்கித் தாமரையை மிதித்து உழப்புவதைப் புலவர் சொல்லுவார். பரத்தையிடம் போய்வந்த கணவனைப் பற்றி மூச்சு விட மாட்டார். குளமும் எருமையும் அச்சு அசலாக இருந்தால்தான் கணவன் தெரிவான். அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் இடக்கூடாது என்ற விதியும் இந்த வகை. பெயர் இருக்க வேண்டிய இடம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்படுகிறது. மறுபக்கம் நன்னூல் தகுதி வழக்கு என்று வகுக்கும் மங்கலமும் இடக்கரடக்கலும். செத்தார் என்பதை இறைவனடி சேர்ந்தார் என்பது மங்கலம். இங்கும் ஒன்று சொல்லாமல் விடப்படுகிறது. ஆனால் விட்ட இடத்தில் இனிப்பான சொல் ஒன்றை வைத்துப் பூசிவிடுகிறோம். உள்ளுறை பள்ளத்தைக் காட்டும். மங்கலம் பள்ளத்தை மூடும். அன்றாட வாழ்க்கையில் இரண்டுமே தேவை; இழவு வீட்டில் மங்கலம் இல்லாமல் முடியாது. லால்பேட்டை வட்டாரத்தில் அகத்தி நிழலில் கொடிக்கால் வைத்து வளர்க்கும் வெற்றிலைக்கு உள்ள வேலையைப் பாருங்கள். வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று என்றால் பேச்சு முடிந்தது, இனி பின்வாங்கக் கூடாது என்று பொருள். ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தும் உச்சரிக்கப்படவில்லை. ஆனால் தட்டு கைமாறியதைச் சபை பார்த்தது. வாயால் சொல்லாமல் விட்டதற்கு எதிரே ஒரு பொருள் நிற்கிறது. அது உள்ளுறையின் குடும்பம்.

கரிகாலன் சாவையே இந்த இரண்டு வழியிலும் சோழர்கள் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ராசராசன் மகன் ராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி குலப்பெருமை பாடுகிறது. ஆதித்தன் பாண்டியன் தலையைத் தன் ஊரில் வெற்றித்தூணாக நிறுத்தினான். பிறகு வானுலகைக் காணும் ஆசையால் மறைந்தான். அடுத்தது, குடிமக்கள் தம்பி அருள்மொழியை, பின்னாளின் ராசராசனை, ஆளச் சொல்கிறார்கள். சிற்றப்பன் உத்தமன் விரும்பும்வரை எனக்கு வேண்டாம் என்று அவன் விலகுகிறான். செய்யுள் வழுக்கிக்கொண்டு போகிறது. படிப்பவனுக்கு எங்கும் கால் இடறவில்லை. கத்தி, ரத்தம், துரோகி எல்லாம் வானுலக ஆசை என்ற ஒரு சொற்றொடருக்குள் கரைந்துவிட்டன. இவர்களின் தந்தை சுந்தர சோழனைப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று கல்வெட்டுகள் சொல்வதும் மங்கலம்தான். அங்கே அது பொருத்தம், அரசன் அரண்மனையில் இறந்தான். கொல்லப்பட்ட இளவரசனுக்கு அதே பூச்சைப் பூசும்போது அது வேறு காரியம் ஆகிறது. அரண்மனைக் கவிஞர் கொலையை மறைத்தார். ஊர்க் கோயிலின் சுவர் அதைக் காட்டிக்கொடுத்தது. செப்பேடு மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால் ஆதித்த கரிகாலன் இளவயதில் காலமான ஓர் இளவரசன், அவ்வளவே. அவனைப் பற்றி ஒரு நாவலும் வந்திருக்காது.

நாவல் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை ஏறி வருவதில் பொன்னியின் செல்வன் தொடங்குகிறது. ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களை எண்ணிச் சொல்லும் அளவுக்குக் கல்கிக்கு இடம் பற்றிய கவனம் இருந்தது. அங்கிருந்து கடம்பூர் மாளிகை. ஐந்தாம் பாகத்தில் கொலையும் அதே கடம்பூரில்தான் நடக்கிறது. கல்கியைச் சொல்லாமையின் கலைஞர் என்று சொன்னால் அவரைப் படித்தவர்கள் சிரிப்பார்கள். அவரே முதலில் சிரிப்பார். வாசகரின் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர். ஒரு கோட்டை வந்தால் அதன் சரித்திரம், ஒரு பெண் சிரித்தால் அந்தச் சிரிப்புக்கு மூன்று காரணம், முந்தின வாரம் விட்டவர்களுக்காக ஒரு சுருக்கம். இவ்வளவு பேசுகிறவர் ஓர் அறையில் மட்டும் வாய்மூடுகிறார். நந்தினி இருக்கிறாள், கரிகாலன் இருக்கிறான், மறைந்து நிற்கும் வந்தியத்தேவன் இருக்கிறான், மாறுவேடத்தில் பெரிய பழுவேட்டரையர், வெளியே ரவிதாசன் கூட்டம். அத்தனை பேருக்கும் காரணம் கொடுத்தாயிற்று. விளக்கு அணைகிறது. வெளிச்சம் வரும்போது கரிகாலன் பிணம். வந்தியத்தேவன்மீது பழி விழுகிறது; பழுவேட்டரையர் பின்னர் தாம் எறிந்த கத்தி என்று ஒப்புக்கொள்கிறார்; ஒப்புக்கொண்டதால் வாசகர் மனம் ஒப்புக்கொள்கிறதா என்றால் இல்லை. எழுபது ஆண்டுக்குப் பிறகு 2022, 2023இல் மணிரத்னம் படங்கள் வந்தபோதும் டீக்கடையில் கேட்ட கேள்வி அதுவேதான்.

கல்கி சொல்லாமல் விட்டது கலை நோக்கத்தால் அல்ல, வரலாற்றில் விடை இல்லாததால் தப்பித்துக்கொண்டார் என்று சொல்லலாம். இந்த வாதம் முதல் பார்வையில் நியாயமாகத் தெரிந்தாலும் நாவலின் முன் நிற்காது. நந்தினிக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. பூங்குழலிக்கு, மந்தாகினிக்கு, ஆழ்வார்க்கடியானுக்கு இல்லை. இவர்களை எல்லாம் துணிந்து படைத்தவருக்கு ஒரு கொலைகாரனைக் கைகாட்டத் துணிவு இல்லாமல் போயிற்று என்பதை எப்படி நம்புவது? ரவிதாசன் பெயரைக் கல்லே கொடுத்திருக்கிறது. அவன் குத்தினான் என்று ஒரு வரி எழுதினால் வரலாற்றுக்கும் விரோதமில்லை, கதையும் முடிந்துவிடும். அந்த எளிய வழி இருந்தும் அவர் போகவில்லை. போகாததில் ஒரு கணக்கு உண்டு என்று நினைக்கிறேன். நாவல் முழுவதும் கரிகாலன் சாவைத் தேடுகிறவனாகவே வருகிறான். வீரபாண்டியன் தலையை வெட்டிய கணம் முதல் அவன் உயிர் அவனிடம் இல்லை. அப்படிப்பட்டவனைக் கொன்ற கை எது என்பது சிறிய கேள்வி. விளக்கை அணைத்ததன் மூலம் அந்த அறையில் இருந்த எல்லோர் கையிலும் கத்தியை வைத்துவிட்டார் கல்கி, கரிகாலன் கையையும் சேர்த்து. தொடர் முடிந்ததும் வாசகர்கள் பலருக்குத் திருப்தி இல்லை. பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். அவரும் ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். என் பார்வையில் அந்த முடிவுரை வாசகர்மீது காட்டிய கருணை. நாவலுக்கு அது தேவைப்படவில்லை. வார இதழ் நடத்துகிறவருக்கு அந்தக் கருணை தொழில் தர்மம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சொல்லாமையை இவ்வளவு கொண்டாடுகிறாயே, சொல்லாமல் விடுவது எப்போதும் வலுத்தவனுக்குத்தானே வசதி? அடிபட்டவனின் கதையில் விடுபடல் என்பது அழித்தல் அல்லவா? இதற்குச் சிதம்பரத்திலேயே சாட்சி உண்டு: திருநாளைப்போவார் என்ற நந்தனார். சுந்தரர் தொண்டத்தொகையில் பெயரை மட்டும் ஓரடியில் வைத்தார். காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்துத் திருநாரையூர்க்காரரான நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டாக்கினார். சேக்கிழார் முப்பத்தேழு பாட்டாக விரித்தார். கொள்ளிடக்கரை ஆதனூர்ப் புலையர் ஒருவர் தில்லைக்கு வருகிறார். உள்ளே போக முடியாமல் எல்லையைச் சுற்றி வருகிறார். இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி வா என்கிறான். தில்லைவாழந்தணர்க்கும் அதே கட்டளை. தெற்கு மதிலின் வெளியே தீ வளர்க்கிறார்கள். புகுந்தவர் முனிவராய், பூணூல் அணிந்தவராய் எழுந்து, உள்ளே போய், பிறகு யார் கண்ணுக்கும் படவில்லை. செப்பேட்டின் வானுலக ஆசை நினைவுக்கு வருகிறதா? ஒருவர் தீக்குள் போனார், திரும்பக் காணவில்லை என்ற செய்தியின்மேல் பக்தியின் பொன்முலாம். இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். இது மங்கலம், பள்ளத்தை மூடிய சொல்லாமை. இதை ரசிக்க வேண்டும் என்று எந்தக் கலைக்கொள்கையும் கட்டாயப்படுத்த முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாகப் பாடியபோது பெரியபுராணத்தில் இல்லாத நிலக்கார வேதியரைக் கொண்டுவந்து நந்தனாரின் அடிமை வாழ்வைக் கண்ணில் காட்டினார். புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ எழுதினார். இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகத்தில் தீ சூழ்ச்சியாகவே வருகிறது. சுவாமி சகஜானந்தர் கதை எழுதவில்லை. சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் நடத்தினார். ஒருவர் பின் ஒருவராக வந்து அந்தப் பூச்சைச் சுரண்டியிருக்கிறார்கள்.

ஆனால் சேக்கிழாரை அதோடு விட்டுவிட முடியாது. அதே முப்பத்தேழு பாட்டில் முன்பகுதியில் அவர் வேறு ஒன்று செய்திருக்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடியை எட்டத்தில் நின்று பாடவில்லை. குடிசைக் கூரை, உலரும் தோல், ஓடித் திரியும் கோழிக்குஞ்சு, நாய்க்குட்டி என்று அருகில் உட்கார்ந்து பார்த்தவர்போல் சொல்கிறார். நந்தனாரின் தொண்டு என்ன என்பதையும் பட்டியலாகத் தருகிறார்: கோயில்களின் பேரிகைக்குப் போர்வைத் தோல், இழுத்துக் கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அர்ச்சனைக்குக் கோரோசனை. ஒரு தொழிலாளியின் சரக்குக் கணக்கு. இந்தத் தோலும் நரம்பும் எங்கே போயின? வாசலைத் தாண்டி, பிராகாரம் தாண்டி, சந்நிதிக்குள். கோரோசனை மூர்த்தியின் பூசைக்கே போயிற்று. பதப்படுத்திக் கொடுத்தவர் வாசலில் நின்றார். தோல் போகிற இடத்துக்குத் தோல் கொடுத்த கை ஏன் போகக்கூடாது என்று சேக்கிழார் கேட்கவில்லை. கேட்காமல், அடுக்கடுக்காகச் சரக்கை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். சோழ அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்லும் மனிதர், பன்னிரண்டாம் நூற்றாண்டில், தில்லையில் அரங்கேறிய நூலில் அதற்கு மேல் வெளிப்படையாக என்ன சொல்லியிருக்க முடியும் என்பது வேறு பேச்சு. பட்டியல் அங்கேயே இருக்கிறது. எருமை மிதித்த தாமரை போல. தீயைப் பற்றிய சொல்லாமை மூடுகிறது, தோலைப் பற்றிய சொல்லாமை திறக்கிறது. இரண்டும் ஒரே புராணத்தில், ஒரே கையால் எழுதப்பட்டவை. அதனால்தான் நந்தனாருக்காக வாதாடியவர்கள் சேக்கிழாரைத் தள்ளிவிட்டுப் போகவில்லை, அவருக்குள்ளிருந்தே ஆரம்பித்தார்கள். மறுப்பைச் சொல்கிறவர்கள் சொல்லாமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது இந்த இரண்டில் எதை ஏற்றுகிறோம் என்று பார்த்து ஏற்ற வேண்டும்.

உடையார்குடிக் கல்லுக்கே திரும்பலாம். அதன் பிற்பகுதியைக் கொலையைத் தேடுகிறவர்கள் அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். பறிமுதலான நிலத்தில் ஒரு பகுதியையும் சில மனைகளையும் வெண்ணையூரைச் சேர்ந்த ஒருவர் பொன் கொடுத்து வாங்கினார்; வாங்கியதை அனந்தீசுவரர் கோயிலில் தண்ணீர் வார்க்கவும் சோறு போடவும் தர்மமாக எழுதிவைத்தார். நிலத்தின் அளவை மா கணக்கு வரை கல்லில் காணலாம். அரச துரோகிகளின் வயலில் விளைந்த நெல் அப்படிக் கோயில் மடைப்பள்ளிக்கு வந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் வேற்றூரார் மட்டுமல்ல. சோமனையும் ரவிதாசனையும் தெருவில் பார்த்தவர்கள், அவர்கள் வீட்டில் பெண் எடுத்தவர்களுக்கு அண்டை வீட்டார், சபையில் அவர்களோடு சரிசமமாக அமர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். கரிகாலனை ஏன் கொன்றார்கள் என்பது அந்தப் பந்தியில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததைக் கல்லில் வெட்டக் கூலி கொடுப்பானேன் என்று விட்டிருப்பார்கள்.